சோடியம் நூற்று முப்பத்தெட்டு

ஜனவரி 20, புதன்

கடும் பனி. மாடியில் காயப்போட்ட வெள்ளைக் கோட்டு காய்ந்தபாடில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன். பத்து மணி வரை தும்மல்.

புது அட்மிஷன். சத்யா, இரண்டரை வயது, கல்வராயன் மலை, வெள்ளிமலைப் பக்கம். காய்ச்சல் ஆறாம் நாள். கண் சிவப்பு, உதடு வெடிப்பு, நாக்கு செக்கச்செவேல், உள்ளங்கையில் வீக்கம். கொரோனா இரண்டு டெஸ்ட்டும் நெகட்டிவ்.

அம்மா பேர் பொன்னி. "அம்மைன்னு வேப்பிலை வச்சிக்கினு இருந்தோம் மேடம். எறங்கவே இல்ல."

அம்மை இல்லை. கவாசாகி. காய்ச்சல் எப்படியும் போய்விடும், ஆனால் போகிற போக்கில் இதயத்து ரத்தக்குழாயைக் கெடுத்துவிட்டுப் போகும். இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் கேட்காது. அந்தச் சிலர் யார் என்று முதல் நாளே தெரிந்தால் கூடவே ஸ்டீராய்டும் கொடுத்துவிடலாம். அதற்கு ஜப்பான்காரர்கள் ஒரு மதிப்பெண் கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். நான்கும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து. அது நம் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் என் ஆய்வு. இரண்டு வருடமாக ஒரே அட்டவணை.

சத்யாவுக்கு இதுவரை மூன்று. சோடியம் பாக்கி. அது குறைவாக இருந்தால் இன்னும் இரண்டு கூடும்.

சோடியம் பார்க்கிற மெஷின் இங்கே படுத்து மாதக்கணக்காகிறது. ரத்தம் ஐஸ் டப்பாவில் விழுப்புரம் பஸ் கண்டக்டர் கையில் போகும், முடிவு போனில் வரும். லேப் டெக்னீஷியன் முருகவேல் அண்ணன் செய்த ஏற்பாடு. அவர் மட்டும் இல்லையென்றால் என் ஆய்வு எப்போதோ ஊற்றி மூடியிருக்கும். கட்டுரையில் அவர் பெயரும் வரும் என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார்.

வாங்க: சார்ஜர், பாத்ரூம் செருப்பு, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை.

ஜனவரி 21, வியாழன்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல். தியாகதுருகம் ரோட்டில் பஸ் நிற்கிறது என்றார்கள். ஆட்டோவில் வந்து சேர்ந்தேன்.

முரு. அண்ணன் பதினோரு மணிக்கு வந்து தலையைச் சொறிந்தார். "தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்குறாங்க மேடம். எங்க வூட்டுப் பொண்ணு பிளஸ் டூ. போவலன்னா நாளைக்கு அவளே கேப்பா."

தாராளமாகப் போய்ட்டு வாங்க என்றேன். என் சீட்டே ஒதுக்கீட்டில் கிடைத்ததுதான். எந்த முகத்தோடு தடுப்பேன்.

மத்தியானத்திலிருந்து அவருக்கு நான் போன் மேல் போன் போட்டேன். நாலரைக்கு ரிப்போர்ட்டுடன் வந்தார். சோடியம் 138. நார்மல். மொத்தம் மூன்று. ஸ்டீராய்டு வேண்டாம், இம்யூனோகுளோபுலின் மட்டும் போதும் என்று எழுதினேன். ஆறு மணிக்கு ஏற்ற ஆரம்பித்தாயிற்று.

மறியலிலும் ரிப்போர்ட் வாங்கிவந்துவிட்டாரே என்று வார்டு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். முட்டாள். (இந்த ஒரு சொல் 24ஆம் தேதி சேர்த்தது.)

ஜனவரி 22, வெள்ளி

காலை ஆறுக்கு மருந்து முடிந்தது. காய்ச்சல் 101. முப்பத்தாறு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

பொன்னியிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்றேன். குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

கேன்டீன் சாம்பாரில் இன்று பருப்பு இருந்தது. அதிசயம்.

ஜனவரி 23, சனி

மாலை ஆறு. 103.

கேட்கவில்லை. மதிப்பெண் மூன்று வந்த பிள்ளைக்கு மருந்து கேட்கவில்லை. அப்படியும் நடக்கும், கணக்கு ஒன்றும் ஜாதகம் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இரண்டாவது டோஸ், கூடவே ஸ்டீராய்டு.

பொன்னி: "நல்லா இருக்குன்னீங்களே மேடம்."

ஜனவரி 24, ஞாயிறு

லீவு. வீட்டில் அட்டவணையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே பிசகினேன் என்று பார்க்கத்தான்.

சோடியம், கடைசி மூன்று பிள்ளைகள்: 138. 138. 138.

அதற்கு முன்னால் எல்லாம் 131, 136, 134, 140 என்று மேலும் கீழுமாக. மூன்று தேதியையும் பார்த்தேன். மூன்றும் பஸ் ஓடாத நாட்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக லேப். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஐஸ் டப்பா. உள்ளே சத்யாவின் சீரம், 21ஆம் தேதி லேபிள். எங்கேயும் போகவில்லை. இன்று பஸ் ஓடுகிறது. நானே கொண்டுபோய்க் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. வேறு விளக்கம் ஏதாவது இருக்கும் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 25, திங்கள்

காலையில் விழுப்புரத்திலிருந்து போன். 129.

மூன்றும் இரண்டும் ஐந்து. முதல் நாளே ஸ்டீராய்டு விழுந்திருக்க வேண்டிய பிள்ளை.

பதினோரு மணிக்கு எக்கோ. இதயத்தின் இடது ரத்தக்குழாய் அகன்றிருக்கிறது.

லேப் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். முரு. அண்ணன் மறைக்கவில்லை.

"பஸ்ஸு திரும்பி வந்துடுச்சி மேடம். டப்பாவ உள்ள வச்சிட்டு மனு குடுக்கப் பூட்டேன். நீங்க போன் பண்ணிக்கினே இருந்தீங்க. ஜாஸ்தி பேருக்கு அதானே வருது, எழுதிட்டேன்."

"ரிசல்ட் வரலன்னு சொல்லியிருந்தா பாதுகாப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பேனே அண்ணே."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? கட்டம் காலியா இருந்தா நீங்க கத்துவீங்கன்னு தெரியும். போன மாசம் கத்துனீங்க."

கத்தினேன். உண்மைதான். அதற்காக?

மனு கொடுக்கப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ரத்தம் போகவில்லை என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினம் என்னோடு டீ குடித்த மனுஷன். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தவரே அவர்தான். துரோகம். நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் நல்லபடியாக வீடு போய்விட்டார்கள், அது அவர்கள் அதிர்ஷ்டம்.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டரிடம் போனேன். என் ஆய்வுக்கு வழிகாட்டி. ரிப்போர்ட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மூணு கேஸையும் டேபிள்ல இருந்து எடுத்துடும்மா. சிம்பிள்."

"சத்யா?"

"ட்ரீட்மென்ட்தான் போய்க்கினு இருக்கே. அந்த அம்மாகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? கூட்டம் சேரும், உன் பேரும் கெடும்."

ஆறு வருடமாக இவரைப் போல ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே நாளில் இரண்டு பேர்.

ஜனவரி 26, செவ்வாய்

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். பெரிய டாக்டர் உண்மை, உழைப்பு என்று கால் மணி நேரம் பேசினார். முரு. அண்ணன் கடைசி வரிசையில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

சத்யா காய்ச்சல் 99. விரல் நுனியில் தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. மிட்டாய் கேட்டு அழுதாள்.

பொன்னியை ஜன்னலோரம் அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். ரத்தத்தில் ஒரு டெஸ்ட் செய்யாமலே செய்ததாக லேபில் எழுதிவிட்டார்கள், அதை நம்பி ஒரு மருந்தை நான் தள்ளிப்போட்டேன், முதலிலேயே கொடுத்திருந்தால் குழாய் அகலாமல் இருந்திருக்கலாம், கட்டாயம் என்று சொல்ல முடியாது. இனி மாசாமாசம் எக்கோ, தினம் ஆஸ்பிரின். இதை கேஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டேன். லேபில் எனக்கே துரோகம் செய்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேனோ.

பொன்னி கேட்டாள். "லேப்காரரு யாரு மேடம்? அவர எனக்குத் தெரியாதே. நல்லா இருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

நான்தான் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஊசி போடப் போனேன். பொன்னி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். சிஸ்டரிடம், "வேற டாக்டரு இருந்தா வரச் சொல்லுங்க" என்றாள்.

நான் ஊசியோடு அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.