எண்ணாமல் விட்ட மூன்று நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. "உக்காந்து பாக்கிற வேலைதானேடா?" என்று போனில் கேட்டாள். "ஆமாம்மா, நாள் பூரா உக்காந்துதான்" என்றேன். உட்காரும் இருக்கை ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்த நகரத்துக்கு வந்து இருபது நாள். வேலை கிடைத்து ஒன்பது நாள். பஸ்ஸின் பின்வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று தாளில் குறிக்க வேண்டும். எந்தத் தடத்தில் பஸ்ஸைக் கூட்டுவது, எதில் குறைப்பது என்று அந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். எனக்குக் கொடுத்திருப்பது நாற்பத்தொன்றாம் எண். ரயில் நிலையத்தில் கிளம்பி நீரேற்று நிலையம் வரை முப்பத்திரண்டு நிறுத்தங்கள். போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம்.

வேலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஜன்னல் ஓரமும் கொடுத்து, ஊரையும் சுற்றிக் காட்டி, சம்பளமும் தருகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

இந்த ஊர்க்காரர்கள் ரொம்ப வேகமாக நடக்கிறார்கள். ஆனால் சிக்னலில் நின்றதும் எல்லார் முகமும் ஒரே மாதிரி தூங்கிப்போகிறது. இங்கே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் இல்லை, இன்னொரு சாலை ஓடுகிறது. முதல் நாள் எட்டிப் பார்த்து ஏமாந்தேன். இப்போது பிடித்துவிட்டது. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது.

பதினான்காம் நிறுத்தத்தில், மூன்றாவது மாடி பால்கனியில், ஒருவர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாகப் பார்க்கிறேன். மனுஷன் இருந்த இடத்திலிருந்தே இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருப்பார்?

மார்ச் 7, வெள்ளி

வெயில். வேறொன்றும் இல்லை. வெயிலே போதுமாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

அறைத்தோழன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். மாலையில் வந்தால் காது மடலில் ஒரு கலர், முழங்கையில் ஒரு கலர். "பஸ்ல தலைய எண்றதுக்கு ஒரு ஆளா?" என்று தினமும் ஒரு முறை சிரித்தால்தான் அவனுக்குக் குளிக்கப் போக மனசு வரும்.

இன்று எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா. ஒன்பதாம் நிறுத்தத்தில் வெள்ளைக் கோலோடு ஏறுபவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். திடீரென்று என் பக்கம் திரும்பி, "என்ன எழுதுறீங்க? ஸ்டாப்புக்கு ஸ்டாப் பேனா சத்தம் கேக்குது" என்றார்.

சொன்னேன்.

"ஓ, கணக்குப்பிள்ளையா! சரி, இப்ப எத்தனை பேர் ஏறினாங்க?"

"ரெண்டு."

"மூணு. கடைசியா ஏறினவங்க செருப்பை இழுத்துக்கிட்டு வந்தாங்க பாரு. குழந்தை வேற வச்சிருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. கைக்குழந்தையை எண்ணக் கூடாது என்று விதி இருப்பதைச் சொன்னேன். "அது அடுத்த வருஷம் எழுந்து நடக்குமே, அப்ப பஸ் வேணாமா அதுக்கு?" என்றார். குழந்தையை விட்டுவிட்டு, அடித்துத் திருத்தி மூன்று என்று எழுதினேன்.

மார்ச் 13, வியாழன்

அக்கா முன்பு தையல்காரர். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதில் தொடங்கியதாம். ரெண்டே வருஷம். கடைசி நிறுத்தத்தில் இருக்கும் பார்வையற்றோர் பயிற்சி நிலையத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கற்கிறார். இருப்பது தங்கை வீட்டில். "நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. காலைல ஒரு நாற்காலில உக்கார வச்சா சாயங்காலம் எழுப்புவாங்க. அவ்வளவு நல்லா" என்று சிரித்தார். ஜூனில் பரீட்சை.

வழியை அவர் வளைவுகளால் அறிகிறார். ஏழாவது வளைவு தாண்டினால் ரொட்டி வாசனை, பதினோராவது தாண்டினால் ரோடு குலுங்கும், அப்புறம் இறங்க வேண்டியதுதான். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். நாலாவது வளைவிலேயே தொலைந்துபோனேன்.

மார்ச் 18, செவ்வாய்

மழை! இந்த ஊருக்கு வந்தபின் முதல் மழை. பின் இருக்கையில் ஒழுகியதால் முன்னால் போய் உட்கார்ந்தேன். முன்கண்ணாடியில் துடைப்பான் ஒரு முறை துடைத்தால் ஒரு நகரம். அடுத்த முறை துடைத்தால் வேறொரு நகரம். சிவப்பு விளக்குகள் கரைந்து ஓடுகின்றன. பாலத்துக்குக் கீழே ஈரச் சாலை நிஜமாகவே ஆறு மாதிரி இருந்தது. கார்கள் எல்லாம் படகு. எங்கே போகின்றன இவை? கடலுக்கா?

நினைவு வந்தபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றுகொண்டிருந்தது. விட்டுப்போன கட்டங்களைக் குத்துமதிப்பாக நிரப்பினேன். அந்தக் கடைசி ஐந்து நிறுத்தங்களில் ஏற இறங்க யார் இருக்கிறார்கள்? கிடங்குச் சுவர்தானே.

மார்ச் 19, புதன்

மழை. முன் இருக்கை. நேற்றுப் போலத்தான் இன்றும் இருக்கும் என்று நேற்றைய தாளைப் பார்த்து எழுதிவிட்டேன். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து.

மார்ச் 20, வியாழன்

மழை. மழை. இப்படியே பெய்தால் இந்த பஸ்ஸிலேயே கிழவனாகிவிடச் சம்மதம்.

மார்ச் 27, வியாழன்

வெயில் வந்துவிட்டது. பின் இருக்கைக்குத் திரும்பினேன். "எங்க, போன வாரம் ஆளையே காணோம்? பேனா சத்தமே இல்ல" என்றார் அக்கா. முன்னால் இருந்தேன் என்றேன். "முன்னால இருந்தா பின்வாசல் தெரியுமா?" என்றார். தெரியும் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 2, புதன்

நிறுத்தக் கம்பங்களில் எல்லாம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மே முதல் தேதியிலிருந்து நாற்பத்தொன்றாம் எண் பஸ் இருபத்தேழாம் நிறுத்தத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் "போதிய பயணிகள் இல்லை".

மீசைக்கார டிரைவர் அண்ணன் அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இருபத்தேழுன்னா அந்த பெட்ரோல் பங்க் தானே? அங்கிருந்து லாரி ரோடு. நடைபாதை இருக்கா அண்ணே?"

"இல்லம்மா. இந்தப் பக்கம் சாக்கடை, அந்தப் பக்கம் லாரி."

"சரி. அப்ப நாற்காலிதான்" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அறைக்கு வந்து பையிலிருந்த நகல் தாள்களை எடுத்தேன். மார்ச் 18, 19, 20. நிறுத்தம் 32. இறங்கியவர்: 0. இறங்கியவர்: 0. இறங்கியவர்: 0.

மூணு நாளும் அந்த அக்கா அங்கதான் இறங்கினாங்க. கோலைத் தட்டிக்கிட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு. அவங்களோட இன்னும் யார் யாரெல்லாமோ. நான் படகு பாத்துக்கிட்டு இருந்தேன்.

அறைத்தோழனிடம் சொன்னேன். துணியில் கையைத் துடைத்தபடியே கேட்டான். "ஒரு தாளை வச்சா ரூட்டை நிறுத்துவாங்க? உன் தலையில ஏன் தூக்கிப் போட்டுக்கிற? வாயை மூடிக்கிட்டு இரு. வேலை போயிடும்."

ஒரு தாள் இல்லை, மூன்று தாள். ஆனால் அவன் சொல்வதும் சரியாக இருக்கலாமே? இருக்கலாம். இருக்கட்டுமே.

ஏப்ரல் 3, வியாழன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். இறங்கும் இடத்தில், பஸ் நின்றபிறகு.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த மூணு நாளும் நான் வந்தேனே. என்னை எழுதினியா?"

"இல்லக்கா."

கோலால் படியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினார். திட்டியிருந்தால் தேவலை. பயிற்சி நிலையத்தின் வாசல் வரைக்கும் போய், ஒரு நிமிஷம் நின்று, உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

அலுவலகம். எங்கள் மேற்பார்வையாளர் மேடம் எப்போதும் மேஜையில் ஒரு சின்ன மின்விசிறியைத் தன் முகத்துக்கு நேராக வைத்திருப்பார். நான் பேச ஆரம்பித்ததும் அதை அணைத்தார். அதுவே பயமாக இருந்தது.

"எந்தெந்த நாள்?"

"பதினெட்டு, பத்தொன்பது, இருபது."

கணினியில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அறிக்கைக்கு அந்த மூணு நாளைத்தான் எடுத்திருக்கோம். செவ்வாய், புதன், வியாழன். அதுதான் வழக்கம். முழுசும் உங்க தாள்."

நகல் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஏன் இப்ப வந்து சொல்றீங்க?"

"நோட்டீஸ் பாத்தேன், மேடம்."

"நோட்டீஸ் ஒட்டலைன்னா சொல்லியிருப்பீங்களா?"

அணைத்த மின்விசிறியையே பார்த்தேன். இப்போது எழுதும்போதும் அந்தக் கேள்வியில்தான் பேனா நிற்கிறது.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். "மறுபடியும் எண்ணச் சொல்றேன். வேற ஆளை வச்சு. எண்ணிக்கை குறைவா வந்தா ரூட்டு நிக்கத்தான் செய்யும், அப்பவும் நீங்க வேலையில இருக்க மாட்டீங்க. தெரிஞ்சுதான் வந்தீங்களா?" என்றார். தலையாட்டினேன். மின்விசிறியை மறுபடி போட்டுக்கொண்டார். வெளியே வரும்போது மட்டும், "குடை எடுத்துட்டுப் போங்க, தூறுது" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடுகிற நாற்காலியிலிருந்து ஆரம்பித்து. ஐயோ போச்சே, ஊருக்கு வந்துடு என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மறுமுனையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "சரிடா. அந்தப் பொண்ணு இப்ப எப்படிப் போகும்?"

வேறு எதுவுமே கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றுகூட.

ஏப்ரல் 9, புதன்

வேலை இல்லாதவனுக்கு இந்த ஊர் வேறு மாதிரி தெரிகிறது. பகல் பதினோரு மணிக்குப் பூங்கா பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. மரத்தடியில் இலை நிழல் தரையில் நீந்துவதைப் பார்த்தேன். பழைய பழக்கம் போகவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

அறைத்தோழன் என்னை ஒரு பெயின்ட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். "நான் ஆயிரம் வாளி வாங்கியிருக்கேன் இங்க. இவனுக்கு ஒரு வேலை குடுங்க. ஒரே ஒரு குறை, கனவு காண்பான்" என்று முதலாளியிடம் சொன்னான். முதலாளி மேலும் கீழும் பார்த்தார். "கலர் பாக்கத் தெரியுமா?"

நாளையிலிருந்து கலர் கலக்கும் இயந்திரத்தில். வெள்ளை பெயின்ட்டில் சாயத்தைத் துளித் துளியாக விட வேண்டும். ஒரு துளி கூடினால் வாடிக்கையாளரின் சுவரில் பாதி ஒரு நிறம், மீதி ஒரு நிறம்.

ஏப்ரல் 24, வியாழன்

மீசைக்கார அண்ணன் டிப்போ வாசலில் சொன்னார். மறு கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. கடைசி ஐந்து நிறுத்தங்களில் நிஜமாகவே கூட்டம் இல்லை, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர்தான். ஆனால் பூஜ்யமும் இல்லை. காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை மட்டும் கடைசி வரை போகும். மற்றதெல்லாம் பங்க்கோடு சரி.

நான் என்ன நினைத்திருந்தேன்? எல்லாம் பழையபடி ஆகிவிடும், எனக்கு மாலை போடுவார்கள் என்றா? நாலு நடை. மதியம் கிடங்கிலிருந்து வருகிறவர்கள் இனி நடக்க வேண்டியதுதான்.

அக்கா எட்டு மணி வண்டியில் வருகிறாராம். "யாரைப் பத்தியாவது கேட்டாங்களா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "யாரைப் பத்தி? அவங்க யாரைக் கேக்கணும்?" என்றார் அண்ணன். பிறகு புரிந்துகொண்டு, "இல்லப்பா" என்றார். அவரே என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

மே 16, வெள்ளி

ஒரு மாதமாக ஒரு வாளிகூடத் திரும்பி வரவில்லை. இன்று ஒரு புது மாப்பிள்ளை வந்தார். "என் மனைவிக்கு, அது வந்து, சாயங்காலம் ஆகி இன்னும் லைட் போடாத நேரம் இருக்குல்ல, அந்தக் கலர் வேணுமாம்" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. ஐந்து முறை கலந்தேன். ஒவ்வொரு துளியையும் குறித்துக்கொண்டே. ஐந்தாவதைப் பார்த்துவிட்டு மனிதர் என் கையைக் குலுக்கினார்.

ஜூன் 21, சனி

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நான்தான். டிரைவர் அண்ணன் நம்பர் குடுத்தாரு. பரீட்சை பாஸ். ஒரு ஆஸ்பத்திரியில டெலிபோன் போர்டுல வேலை. திங்கக்கிழமை சேரணும்."

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்று மூன்று முறை சொன்னேன் போலிருக்கிறது.

"சந்தோஷம் இருக்கட்டும். எனக்கு அந்த ஏரியா புதுசு. ஸ்டாப்பிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் யாராவது ரெண்டு மூணு நாள் கூட நடந்து சொல்லணும். தங்கச்சி வந்தா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவா, வழி மனசுல ஏறாது." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லணும். உன் கற்பனையெல்லாம் வேணாம்."

ஜூன் 23, திங்கள்

நடந்தோம். படி இறங்கியதும் வலது. இருபத்திரண்டு அடியில் ஒரு மின்கம்பம். மருந்துக்கடை ஷட்டர். நடைபாதை ஓரிடத்தில் உடைந்து இரண்டு விரல் மேடு. சைக்கிள்கள் சாத்தியிருக்கும் சுவர். சரிவுப் பாதை, இடது கைப்பக்கம் கம்பி.

"மேடு முன்னாடியே சொல்லு. தடுக்கினப்புறம் எனக்கே தெரியும்" என்று ஒரு திட்டு. வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 25, புதன்

மூன்றாம் நாள். இன்று அவர் சொல்ல, நான் கேட்டேன். ஒன்றே ஒன்றுதான் தவறியது. அந்தத் தவறும் என்னுடையது. அங்கே புதிதாக ஒரு பூந்தொட்டி வைத்திருந்ததை நானும் இப்போதுதான் பார்த்தேன்.

ஜூன் 26, வியாழன்

"நாளைக்கு வராதே" என்று நேற்றே சொல்லிவிட்டார். ஆனாலும் போனேன். எதிர்ப்பக்கம், மூடிய கடை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டேன்.

பஸ் வந்தது. அக்கா இறங்கினார். வலது பக்கம் திரும்பினார். கம்பத்தைக் கோல் தொட்டது. மேட்டில் ஒரு கணம் நின்று ஏறினார். தொட்டியைச் சுற்றிக்கொண்டார். சரிவில் கம்பியைப் பிடித்து மேலே போய், கதவைத் தள்ளி, உள்ளே.

அந்த ஐந்து நிமிஷத்தில் வானத்தில் மேகம் இருந்ததா, தெருவில் வேறு யார் போனார்கள் - சத்தியமாகத் தெரியாது.

பெயின்ட் கடை திறக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஓடினேன்.