படலையில் கட்டிய வேப்பிலை

மண்கும்பான்,
26.10.1986

அன்புள்ள மகள் சறோவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நானும் என் கூடப்பிறந்த பரிமளம் மாமியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நிமலன் காய்ச்சல் விட்டு எழும்பிவிட்டான், சோறு கேட்டுச் சாப்பிடுகிறான், மெலிந்த கால் மெல்லத் தேறுகிறது. காது மட்டும் கேட்கவில்லை. இரண்டு காதும்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும் என்று மாமி உனக்கு எழுதுவித்தாளாம். திரும்பாது என்று டொக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அதைக் கடைசி வரிக்குத் தள்ளி வைக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைப் படி.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கண்டபடி ஊசி போட்டுப் பிள்ளையின் காதைக் கெடுத்த நேர்ஸைச் சும்மா விடக்கூடாது, மேலிடத்துக்கு எழுதி அவளை வேலையிலிருந்து நிற்பாட்ட வேண்டும், அப்பா எழுதினால்தான் எடுபடும் என்று எழுதியிருக்கிறாய். நான் எழுதப் போவதில்லை. அந்த நேர்ஸ் யார் என்று மாமி உனக்குத் தெரிவிக்கவில்லை, தெரிவிக்காததற்குக் காரணம் இருக்கிறது. அவள் குருசுமுத்துவின் மகள் கிறேசம்மா. எங்கள் பனைகளில் ஏறிய அதே குருசுமுத்துதான். ஐந்தாம் வகுப்பு வரை அவள் உன் பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள், உனக்கு மறந்திருக்காது. இப்போது பட்டணத்தில் ஓர் ஆசுபத்திரியில் வேலை செய்கிறாள், லீவுக்கு வந்து நின்ற நேரத்தில்தான் இது நடந்தது. அவள் உன் பிள்ளையின் காதைக் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்த பிறகு என்னோடு கதைக்காமல் விடுவதென்றால் விடு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. வெயிலுக்குள் விளையாடினதால் வந்த காய்ச்சல் என்று நினைத்து மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்தோம், பனடோலில் அரைவாசி கொடுத்தோம். சனிக்கிழமை காலையிலும் குறையவில்லை. சங்கக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு கிறேசம்மா வாசல் படலைக்கு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலாமெண்டு கதைச்சினம், ஒருக்கால் பாக்கட்டே மாஸ்ரர் என்று கேட்டாள். பிள்ளை சாமியறைக்கு அடுத்த அறையில் கிடந்தான், அவள் வந்து பார்ப்பதென்றால் விறாந்தை ஏறி நடு அறையைக் கடந்து வரவேண்டும். இந்த வீடு கட்டின நாளிலிருந்து அவளுடைய ஆட்கள் கிணற்றடியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நான் சும்மா தடிமன் காய்ச்சல்தான் பிள்ளை, தேவையென்றால் சொல்லியனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சரி மாஸ்ரர், நாளைக்கும் வந்து கேக்கிறன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் மாமி குசினிக்குள் இருந்து வந்து பிடித்துக்கொண்டாள். குருசுமுத்துவின்ரை பெட்டை நடு அறைக்குள்ளை வந்து பிள்ளையைத் தொட்டாளெண்டா பிறகு இந்த வீட்டிலை ஆர் வந்து தண்ணி குடிக்கிறது, உமக்கென்ன, நீர் மேடையிலை சமத்துவம் பேசுற ஆள், கோயிலுக்குப் போறது நானெல்லே என்று சொன்னாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். படலையில் வேப்பிலையைக் கட்டு, அம்மாள் வருத்தம் என்றால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள், அவளுக்கும் மனம் நோகாது.

அவளுக்கும் மனம் நோகாது என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன், மகள். உள்ளே வராதே என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கம். முப்பது வருடம் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்திப் படிப்பித்தேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். சொல்லாமலே சொல்ல ஒரு வழி கிடைத்ததும் நிம்மதியாக இருந்தது. பிள்ளையின் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு, நானே கொக்கத்தடி எடுத்து வேப்பங்கொப்பை முறித்து, நானே கட்டினேன்.

ஞாயிறு காலை அவள் சொன்னபடி வந்தாள், வேப்பிலையைக் கண்டு ஒழுங்கையிலேயே நின்றாள். நான் முற்றத்தில் நின்றேன். அம்மாளோ மாஸ்ரர், கொப்புளம் போட்டிட்டுதோ என்று கேட்டாள். ஓம் என்றேன். எங்கை போட்டிருக்கு என்றாள். முதுகில் என்றேன். சத்தி எடுக்கிறானோ, வெளிச்சம் பாக்கக் கண் கூசுதோ, கழுத்தை மடக்க ஏலாமல் கிடக்கிறானோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளை விடியத்தொடக்கம் இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தான், யன்னலைத் திறந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக் கத்தினான். நான் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவள் கேட்ட மூன்று கேள்விகளில்தான் உன் பிள்ளையின் காது இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அப்படி ஏதும் கண்டால் உடனே ஆளனுப்புங்கோ, செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வேலைக்குப் போயிடுவன் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. படலையில் வேப்பிலை கட்டினால் வீட்டுக்குள்ளும் அதற்கு ஏற்றபடி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அயலவர்கள் பிடித்துவிடுவார்கள். தாளிதம் நின்றது. குளிசை கொடுத்தால் அம்மாள் கோபிப்பாள் என்று மாமி பனடோலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சனிக்கிழமை பொய்யென்று தெரிந்து கட்டச் சொன்னவள், திங்கட்கிழமை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அவனுக்குப் பூசிவிட்டு, தாயே இறங்கிப் போ என்று உண்மையாகவே அழுதாள். நான் அவளைத் தடுக்கவில்லை. பிள்ளையின் பாயடியில் விசிறியோடு இருந்தேன். தலையை மடியில் எடுத்து வைக்கப் போனால் கழுத்து வளையவில்லை, நோகுது அப்பப்பா என்று முனகினான். அம்மப்பா என்று சொல்லிக் கொடுத்தாலும் அவனுக்கு எப்போதும் அப்பப்பாதானே. அவன் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, எழும்பி ஓடிப்போய் அவளைக் கூப்பிடு என்று ஒரு மனம் சொல்ல, கூப்பிட்டால் பொய் வெளிப்படுமே என்று மற்ற மனம் சொல்ல, அப்படியே ஒரு பகலும் இரவும் இருந்தேன். சாதி ஒரு பக்கம், பொய்யன் என்ற பேர் வந்துவிடும் என்ற பயம் மறுபக்கம். நடுவில் பிள்ளை எரிந்துகொண்டிருந்தான்.

செவ்வாய் காலை பத்து மணியளவில் அவனுக்கு வலிப்பு வந்தது. கை கால் இழுத்து, கண் மேலே செருகி, வாயில் நுரை. நான் சட்டையும் போடாமல் குருசுமுத்து வீட்டுக்கு ஓடினேன், இத்தனை வருடத்தில் அந்த முற்றத்தில் கால் வைத்தது அன்றுதான். அவள் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு நின்றாள். பையைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள். விறாந்தை ஏறி, நடு அறை கடந்து, பிள்ளையைச் சரித்துப் பிடித்து வாயைத் துடைத்து, வலிப்பு நின்றதும் பின்தலையில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். பலகைபோல உடம்பும் சேர்ந்து எழும்பியது. சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். மாஸ்ரர், இது மூளைக்காய்ச்சல், இப்பவே கொண்டுபோக வேணும் என்று மட்டும் சொன்னாள். மாமி வாசலில் நின்று பார்த்தாள்.

இராசநாயகத்தை அவனுடைய லான்ட்மாஸ்ரர் உழவு மெசினோடு கூப்பிட்டால் அவன் படலையைப் பார்த்துப் பின்வாங்கினான். மாஸ்ரர் குறை நினையாதையுங்கோ, அம்மாள் இறங்கின பிள்ளையை ஏத்தினா என்ரை வீட்டுக்கும் வந்திடும் என்றான். அப்போதுகூட அது பொய் என்று சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. கிறேசம்மாதான், என்ரை வீட்டிலையும் ரண்டு குஞ்சுகள் இருக்கு, நான் தூக்கிக்கொண்டுதானே நிக்கிறன், நீர் வண்டியை எடும் அண்ணை என்று அதட்டினாள். பண்ணைப் பாலத்து வழி மூடியிருந்தபடியால் வள்ளத்தில் அராலிக்குக் கடந்து, அங்கிருந்து கார் பிடித்துப் பட்டணம் போனோம். வழி முழுவதும் பிள்ளை அவள் மடியில் கிடந்தான், கடல் தண்ணீரில் தன் சால்வையை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்தாள். எத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். இரண்டு நாள் என்றேன். நாலு நாள் டொக்டர் என்று அவள் திருத்தினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வேலை செய்கிற ஆசுபத்திரியிலேயே பதினெட்டு நாள் இருந்தோம். முள்ளந்தண்டில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்துப் பார்த்துத்தான் மருந்து தொடங்கினார்கள். டொக்டர் எழுதின ஊசியை எழுதின நேரத்துக்குப் போட்டவள் அவள், அவ்வளவுதான். ஒரு நாள் காலை ஆமியின் ஹெலி தாழப் பறந்து வந்தது. வார்ட்டில் எழும்பக் கூடியவர்கள் எல்லாரும் கட்டிலுக்குக் கீழே பாய்ந்தார்கள், நானும் குனிந்தேன். நிமலன் என் சேட்டுப் பொத்தானை உருட்டிக்கொண்டு அப்படியே இருந்தான். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. நான் அவன் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கைதட்டினேன், சாப்பாட்டுத் தட்டை நிலத்தில் போட்டேன். அன்றைக்குத்தான் தெரிந்தது. மருந்தா காரணம் என்று டொக்டரிடம் கேட்டேன். காய்ச்சல்தான், இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் தப்புவதற்கு நல்ல வாய்ப்பு இருந்தது என்றார். அந்த இரண்டு நாளும் எங்கே போயின என்று இப்போது உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமிதான் ஊசிக் கதையைத் தொடக்கினாள். அவளுக்கும் தூக்கம் வரவேண்டும் அல்லவா, யார்மேலாவது போட்டால்தான் வரும். கோயில் அப்புத்துரை அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிசம் எழுதி இருபது பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். மேலே ஓர் இடம் விட்டு வைச்சிருக்கிறன் மாஸ்ரர், முதல் கையெழுத்து உங்கடைதான், இவையள் மரத்திலை ஏறினது காணாதெண்டு இப்ப எங்கடை பிள்ளையளின்ரை மேலிலை ஊசி ஏத்த வெளிக்கிட்டினம் என்று சொல்லிச் சிரித்தார். நான் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உன் பெயருக்குப் பின்னால் ஒளிந்தேன். உன் கடிதம் வந்தது, நீயும் எழுதச் சொல்லியிருந்தாய், அதைப் படித்த பிறகு ஒளிய இடமில்லை.

புதன்கிழமை, லீவுக்கு வந்து நின்ற கிறேசம்மாவின் வீட்டுக்குப் போனேன். நான் உமக்குப் பொய் சொன்னனான் பிள்ளை, கொப்புளம் இருக்கேல்லை என்றேன். தெரியும் மாஸ்ரர் என்றாள். வேப்பிலை எனக்கெண்டுதான் கட்டினதெண்டு படலையடியிலையே விளங்கினது, விளங்கியும் ரோசத்திலை திரும்பிப் போனனே, அதுதான் எனக்கு ஆறுதில்லை, நேர்ஸ் எண்டு சொல்லிக்கொண்டு நான் உள்ளுக்கு வந்திருக்க வேணுமெல்லே என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். செய்தவன் நான், ஆறாமல் இருப்பவள் அவள். இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, மகள், உனக்குத் தெரிந்தால் எழுது.

இந்தக் கடிதத்தை ஒட்டுமுன் அப்புத்துரையிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்தேன். முழுவதும் வாசித்தார். இதை அனுப்பிக் குடும்ப மானத்தைக் கப்பலேத்தாதையுங்கோ என்றார். பெட்டிசம் போனால் இதன் பிரதியும் அதே இடத்துக்குப் போகும் என்றேன். அவர் பெட்டிசத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை. மாமி மூன்று நாளாக என்னோடு கதைப்பதில்லை, சோறு மட்டும் போட்டு வைக்கிறாள். நீ அவளை ஏசி எழுதாதே. கொப்பை முறித்தது என் கை. கிறேசம்மாவுக்கு நீ உன் கையால் நாலு வரி எழுது, விலாசம் வேறு தாளில் வைத்திருக்கிறேன்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போ, நான் பார்க்கிறேன் என்று உன்னை அனுப்பினவன் நான். அந்தச் சொல்லைக் காப்பாற்றவில்லை. அவனை அங்கே கூப்பிட முடியுமா என்று மருமகனை விசாரிக்கச் சொல், காது கேளாத பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்குமாம். இப்போதே அவன் கதைப்பது குறைகிறது, சில சொற்களை விட்டுவிட்டான். குளிரில் காலுறை போடாமல் திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு, என்மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். ஆசி சொல்ல எனக்கு முகம் இல்லாவிட்டாலும் தகப்பன் என்றபடியால் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தோடு நீ பேசி அனுப்பின கசெற்றும் வந்தது. போட்டேன். அவன் பக்கத்தில் வந்து இருந்து, உள்ளே நாடா சுற்றுவதைப் பார்த்துச் சிரித்தான். நீ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் நிற்பாட்டிவிட்டேன். இனிமேல் கசெற் அனுப்பாதே, மகள். படம் அனுப்பு. முகம் பெரிதாகத் தெரிகிற படமாகப் பார்த்து அனுப்பு.

உன் அப்பா,
மு. பரமலிங்கம்