மஞ்சள் தண்ணீரில் முக்கும் கத்தி

இன்று காலை விளக்கேற்றப் போனபோது பூஜையறையில் மல்லிகை வாசத்துக்கு நடுவே ஆட்டுக் கொழுப்பு நாறியது. தேடிப் பார்த்தேன். நீ செய்த, காற்றில் ஓடும் கத்தி, அப்பா படத்துக்குப் பக்கத்தில் சிவப்புத் துணியின்மேல் கிடந்தது. கைப்பிடியைச் சுற்றி ஒரு முழம் பூ. காற்றுக்குழாயை ஒழுங்காகச் சுருட்டி அடியில் வைத்திருந்தான் அண்ணன்.

போன வாரம் அது நின்றுவிட்டது. நீ போன பிறகு முதல் தடவை. அன்றிலிருந்து அவன் யாரையும் அதைத் தொடவிடவில்லை.

"அவ கை பட்ட பொருளுலா. பிரிச்சிட்டா அப்புறம் அது அவ செஞ்சதா இருக்காது."

"அப்ப ஆட்ட எதுல உரிப்பீங்க?"

"பழைய கத்தி இருக்குல்ல."

எந்தக் கத்தி அவன் விரல்களை மரத்துப்போகச் செய்ததோ அந்தக் கத்தி. எதிலிருந்து அவனைக் காப்பாற்ற நீ அத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாயோ, அதற்கே அவன் திரும்பிப் போய்விட்டான், உன் பெயரைச் சொல்லிக்கொண்டே. அவனிடம் சண்டை போட்டு அலுத்துவிட்டேன். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் தொழிற்சாலையின் கேண்டீனில்தான் நீ முதலில் என்னிடம் பேசினாய். பேசினாய் என்பதைவிட விரட்டினாய் என்பது சரி. நீ கருவிகள் செய்யும் டூல் ரூமில் ஒரே பெண். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் வாய் நீண்டவள் என்று பெயர் வாங்கியவள். உன் பெட்டியில் கத்திரிக்காய். என் பெட்டியில் ஆட்டுக்கறிப் பிரட்டல்.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன்டி. வாடை தாங்கல."

"இது வாடை இல்ல. எங்க அண்ணன் குடுக்குற போனஸ். கம்பெனி குடுக்கும்னு காத்திருந்தா நானும் உன்ன மாதிரி கத்திரிக்காதான் திங்கணும்."

நீ சிரித்ததில் மோர் மூக்கில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து தள்ளி உட்காரவில்லை.

அண்ணனின் ஆட்டுக்கொட்டகையைப் பார்க்க நீ ஆசைப்பட்டதே இல்லை. ரப்பர்த் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது, தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டியவர்களுக்குக் கைகுலுக்கல் கிடைத்தது. எங்கள் குடும்பத்துக்கு ஓரத்தில் கொஞ்சம் நிலமும் கிடைத்தது, அதையும் அப்பா அலைந்து அலைந்து வாங்கினார். அதில்தான் அண்ணன் ஆடு வளர்க்கிறான். கோயில் கிடாவெட்டு, கல்யாண விருந்து, எல்லாவற்றுக்கும் அவன்தான் வெட்டி உரித்துக் கொடுப்பான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த நீ கொட்டகைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஆனால் அண்ணன் தேநீர் கொண்டுவந்தபோது அவன் கையை மட்டும் பார்த்தாய். கொதிக்கக் கொதிக்க இருந்த கண்ணாடிக் குவளையை அவன் விளிம்பில் பிடிக்காமல் நடுவில் முழுக் கையால் சுற்றிப் பிடித்திருந்தான்.

"சுடலையாண்ணே?"

"இந்தக் கைக்கு ஐஸும் ஒண்ணுதான், நெருப்பும் ஒண்ணுதான், மரக்கறி."

அப்படித்தான் உனக்கு அந்தப் பெயர் வந்தது. காய்கறி மட்டும் சாப்பிடும் சைவக்காரிக்கு எங்கள் வீடு வைத்த செல்லப் பெயர். அம்மாவுக்கு உன் உண்மைப் பெயரே மறந்துபோனது.

மணிக்கட்டை முறுக்கி முறுக்கித் தோலுரித்ததில் நரம்பு அமுங்கிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வு எந்தக் கடையில் விற்கிறது என்று சொல்லவில்லை. உணர்ச்சியில்லாத விரலால் பிடித்த கத்தி தோலையெல்லாம் கிழித்தது. தோல் வாங்க வரும் உறுமி மேளப் பையன்கள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அண்ணே, இது உறுமிக்கா, மீன் வலைக்கா?" என்று கேட்டார்கள். அண்ணனும் சிரித்தான். அவர்கள் போன பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த நீ வாசலிலிருந்து அதைப் பார்த்துவிட்டாய். மறுநாள் கேண்டீனில் உன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் மார்க்கர் பேனாவால் எதையோ வரைந்து நீட்டினாய். "கொல்றது இல்லடி. செத்த பிறகு சட்டையக் கழட்டுறது. அதுக்கு நான் உதவி செஞ்சா முருகன் கோவிச்சுக்க மாட்டாரு" என்றாய். முருகனிடம் கேட்டாயா என்று நான் கேட்டதற்கு, மூடியை இன்னும் கிட்டே நீட்டினாய்.

வெளிநாட்டில் தோலுரிக்கக் கருவி இருக்கத்தான் செய்கிறது. மாட்டுக்காகச் செய்தது. அந்தக் கனத்தை அண்ணன் கை தாங்காது. நீ முதலில் இரும்பு அறுக்கும் ஒரு பழைய கை கிரைண்டரைப் பிரித்துச் செய்தாய். ஈரத் தரையில் நின்று அண்ணன் சுவிட்சைத் தட்டியதும் தோள்வரை சுருக்கென்று இழுத்தது.

"பரவால்ல மரக்கறி, செத்துப்போன வெரலுக்கு உசுரு வந்துருச்சு!"

நீ சிரிக்கவில்லை. வெளிறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாய். மின்சாரம் அன்றோடு ஒழிந்தது. பிறகு கொட்டகை மூலையில் நின்ற கம்ப்ரசரைக் காட்டி அது எதற்கு என்று கேட்டாய். ஆட்டின் பின்னங்காலில் சின்னதாகக் கீறி உள்ளே காற்றடித்தால் தோல் உப்பிச் சதையை விட்டு விலகும். அந்தக் காலத்தில் வாயால் ஊதினார்கள், பிறகு சைக்கிள் பம்பு, இப்போது கம்ப்ரசர். "காத்து இங்கயே இருக்கு, நான்தான் கரண்டுக்குப் பின்னால ஓடிட்டேன்" என்றாய்.

அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கத்தி. நுனியில் இரண்டு வட்டத் தட்டுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டி, காற்றின் விசையில் எதிரெதிராக வெடவெடவென்று அசையும். விளிம்பெல்லாம் பல், ஆனால் மொட்டைப் பல். தோலை அறுக்காமல், தோலுக்கும் சதைக்கும் நடுவே இருக்கும் சவ்வை மட்டும் விடுவித்துக்கொண்டே போகும். மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும்.

நீ அதைச் சோதித்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆடு தொங்கும், அண்ணன் உரிப்பான், நீ சுவரைப் பார்த்து நின்று சத்தத்தை மட்டும் கேட்பாய். "இப்ப கொழுப்புல சிக்குது... இப்ப சரி... அண்ணே, அழுத்தாதீங்க, அழுத்துறீங்க!" முதுகுக்குப் பின்னால் நடப்பது உனக்கு எப்படித் தெரிகிறது என்று அண்ணன் ஆடிப்போவான்.

ஆனால் கத்தி நிலைக்கவில்லை. சாதாரண நாட்களில் நன்றாக ஓடும். கோயில் வெட்டு வந்தால் செத்துவிடும். நீ பேரிங்கை மாற்றினாய், தட்டுக்கு வேறு இரும்பு போட்டாய். மறுபடியும் கோயில், மறுபடியும் சாவு. "உங்க முனியாண்டிக்கு என்னப் புடிக்கல" என்று அலுத்துக்கொண்டாய். அண்ணன் முரட்டுத்தனமாகப் பிடிக்கிறான் என்றாய். அவனுக்கு ரோஷம் வந்து இரண்டு நாள் உன்னிடம் பேசவில்லை. நீ பயந்த முகத்தோடு என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "இது நெலைக்கலன்னா உங்க அண்ணன் கை அவ்ளோதான்டி. வேற வழி எனக்குத் தெரியல."

அடுத்த முறை நின்றபோது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பிரித்தாய். கத்தியின் வட்டத் தட்டுகளுக்கு நடுவே மஞ்சளாக, மாவு போல ஒரு பசை. விரலால் தொட்டு முகர்ந்தாய்.

"இது என்னாடி... திருநீறா?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆமாலா. சாமிக்கு வெட்டப் போற ஆயுதம், பொட்டு வெக்காம குடுப்பாங்களா? குழைச்சு நல்லா அழுத்தித்தான் வெச்சேன். இவன் ஒவ்வொரு ஆட்டுக்கும் மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தான். அதானே மொற."

நான் வெடித்தேன். படிக்காத சனம், எதைக் கொடுத்தாலும் கெடுக்கிறோம், அதனால்தான் இன்னும் இந்த ஓரத்திலேயே கிடக்கிறோம் என்று என்னவெல்லாமோ பேசினேன். அம்மா முகம் சுருங்கிப்போனது. நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நிறுத்துடி. அவங்க ஒண்ணும் கெடுக்கல. கத்திய எப்படிப் பாத்துக்குவாங்களோ அப்படிப் பாத்துக்கிட்டாங்க. நான்தான் செவுத்தப் பாத்துக்கிட்டே கத்தி செஞ்சிருக்கேன்."

அடுத்த கோயில் வெட்டுக்கு நீ வந்தாய். சுவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே நின்று, உதடு வெளுத்து, முதல் ஆட்டிலிருந்து கடைசி ஆடுவரை பார்த்தாய். ஒரு தடவை வெளியே ஓடி வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பி வந்தாய். அம்மா உனக்கு எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்து, "போதும் மரக்கறி, வீட்டுக்குப் போ" என்று கெஞ்சினார். "கையக் கழுவும்போது கத்திய எங்க வெக்கிறாங்கன்னு மட்டும் பாத்துட்டுப் போறேம்மா" என்றாய்.

பிறகு நீ செய்ததுதான் இந்தக் கடைசிக் கத்தி. காற்று வெளியேறும் வாய் வழியாகத்தான் எல்லாம் உள்ளே புகுந்திருந்தது. அதை முன்னாலிருந்து எடுத்து, இரட்டைக் குழாயாக்கிப் பின்னால் கொண்டுபோனாய். கத்தியின் உடம்பை முழுக்க மூடினாய். மஞ்சள் தண்ணீரென்ன, கொதிதண்ணீர் டிரம்மில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது. எல்லாம் முடிந்த பிறகு அம்மாவிடம் கத்தியை நீட்டி, "பொட்டு எங்கம்மா வெப்பீங்க?" என்று கேட்டாய். அம்மா கட்டை விரலால் கைப்பிடியின் முதுகைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் விரல் அளவுக்கு ஒரு குழி கடைந்து கொண்டுவந்தாய். அடி மூடிய வெறும் குழி, உள்ளே எதுவும் போகாது. அம்மா அன்று உனக்காகத் தனிச் சட்டியில் வாழைக்காய் பொரித்தார்.

அண்ணன் கைக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. பொய் சொல்லி உன்னை மகிழ்விக்க நான் தயாரில்லை. ஆனால் சுண்டு விரல் பக்கமாக ஒரு நாள் சூடு தெரிந்தது. "சுடுது! ஏய், சுடுது!" என்று குவளையைக் கீழே போட்டுவிட்டு அவன் ஆடினான். நீ உடைந்த கண்ணாடிக்கு நடுவே நின்று கைதட்டினாய்.

சென்ற மழைக்காலத்தில், காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நீ, தண்ணீர் மூடியிருந்த ஒரு குழியில் விழுந்தாய். பின்னால் லாரி. எல்லாரும் விதி என்றார்கள். நான் குழி என்றேன். அடுத்த வாரமே அங்கே தார் ஊற்றினார்கள். விதியை மூட அவ்வளவு தார் போதுமென்றால் முன்பே ஊற்றியிருக்கலாமே. உன் அம்மாவுக்கு முன்னால் இதைச் சொன்னதற்காக என்னைக் கடிந்துகொண்டார்கள். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்ப் பூவை எடுத்து, என் அறையில் இருக்கும் உன் படத்துக்குப் போட்டேன். கத்தியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

"சொன்னா கேக்க மாட்டியா? வெய்யி அத."

"வெக்கிறேன். மொதல்ல உங்க கையக் காட்டுங்க."

அவன் காட்டவில்லை. ஆனால் நடந்து வந்த வழியெல்லாம் சிமெந்துத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்திருந்தது. ஆட்டு ரத்தம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பழைய கத்தி பெருவிரலை வெட்டியது அவனுக்கே தெரியவில்லை. நான் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டியபோது, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பின்மூடியைத் திறக்கப் பார்த்தேன். ஸ்பானருக்குப் பிடியில்லை, எந்தத் திருப்புளியும் பொருந்தவில்லை. மூடியில் அகலமாக ஒரு வெட்டு மட்டும் இருந்தது. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து இருபது காசு நாணயத்தை எடுத்து வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே திருகல்.

உள்ளே நீ எனக்காக ஏதாவது விட்டுவைத்திருப்பாய் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒன்றும் இல்லை. கிரீஸ், அப்புறம் வெடித்துப்போன ஒரு ரப்பர் வளையம். அண்ணன் அதை விரல்நுனியில் எடுத்து உருட்டினான்.

"இது கப்சாய் மோட்டார் சைக்கிளு கார்பரேட்டர் ரிங்குலா. எல்லா மோட்டார் கடையிலயும் கெடைக்குமே."

பிறகு உட்கார்ந்துவிட்டான். நாணயத்தை மூடியின் வெட்டில் மறுபடி வைத்துப் பார்த்து, "அப்ப நாமளே தொறக்கணும்னுதான் செஞ்சிருக்கா" என்றான்.

கடைக்குப் போய் ஒன்று வாங்கி மாட்டினோம். இப்போது கொட்டகையில் கத்தி ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுப்போட்ட கையோடு ஓட்டாதே என்றேன், கேட்கவில்லை. சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்கிறான். புது ரிங்கு, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதைச் சொல்லி முடிக்கிறேன். தொழிற்சாலையில் ஏதாவது உடைந்தால், லைனில் நிற்கும் நேப்பாளப் பெண்களுக்கோ நம் பிள்ளைகளுக்கோ ஒன்றும் தெரியாது என்று மேலிருந்து குரல் வரும். முன்பெல்லாம் நானும் பதிலுக்குக் குரலை உயர்த்துவேன். என்னை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், அத்தோடு முடிந்துவிடும். இப்போது குரலை உயர்த்துவதில்லை. உடைந்த பொருளை எல்லாருக்கும் முன்னால் மேசையில் வைத்துப் பிரிக்கச் சொல்கிறேன். அதைத் தினமும் கையில் எடுக்கிறவளைக் கூப்பிட்டு, எப்படிப் பிடிக்கிறாய், எங்கே வைக்கிறாய், எதில் கழுவுகிறாய் என்று கேட்கச் சொல்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை யாரையும் எழுந்து போகவிடுவதில்லை.

முன்பைவிட இப்போதுதான் மேலே இருப்பவர்கள் என்னை அதிகம் வெறுக்கிறார்கள், மரக்கறி. உனக்குப் பிடித்திருக்கும்.