உன் பெயருக்கு விழுந்த அடி

மச்சான்,

நேற்று இங்கே ரொறொன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம் மரக்கறிக் கடைக்குப் போனேன், வெண்டிக்காய் வாங்கத்தான். பக்கத்துப் பெட்டியில் எலுமிச்சம்புல்லைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பல்லெல்லாம் நெருமத் தொடங்கியது. கை தானாகக் குத்துக்குப் பொத்திக்கொண்டது. எதிரே நின்ற மனிசி என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிலோடு பின்னால் போனாள். அந்த நேரம் ஒரு படையே வந்திருந்தாலும் வெண்டிக்காயாலேயே அடித்து ஒன்ராறியோ வாவிக்குள் தள்ளியிருப்பேன்.

பாங்கொக்கில் எங்களை அடைத்து வைத்த அறைக்குக் கீழே ஒரு சூப்புக் கடை இருந்தது, நினைவிருக்கும் உனக்கு. காலையிலிருந்து எலுமிச்சம்புல் வாசம் மேலே வரும். சூப்பு வராது. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் எங்களுக்கு வேறு யாருடையவோ மலேசியப் பாஸ்போர்ட்டுகளைத் தந்திருந்தான்; இனி அதிலுள்ள பெயர்தான் எங்கள் பெயர். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் தடுமாறாமல் ஒப்புவிக்க ஒரு பாடமும் இருந்தது. அதைப் படிப்பிக்க வந்தவனுக்கு நாங்கள் வாத்தி என்று பெயர் வைத்தோம். சுண்ணக்கட்டிக்குப் பதிலாக அவன் கையில் மின்சார வயர் இருந்தது.

"பேர் என்ன?"

நீ உன் அப்பா வைத்த பெயரைச் சொன்னாய். கன்னத்தில் விழுந்தது.

"பேர் என்னடா?"

திரும்பவும் அதே பெயர். இந்த முறை வயர்.

"முத்துச்சாமி எண்டு சொல்லு. வாயுக்கை என்ன கொழுக்கட்டையே?"

"சொல்லித் துலையன்ரா," என்று நான் பின்னாலிருந்து கெஞ்சினேன். நீ சொல்லவில்லை. எழும்பினாய். உன் முதல் குத்து விழுந்தபோது அந்த நகரத்து ஆறு ஒரு கணம் திசைமாறி ஓடியது; கோபுரங்களில் இருந்த மணியெல்லாம் தானாக அடித்தது. வாத்தி கதவோடு சேர்ந்து வெளியே போனான். இதை நான் எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆறு இன்னும் கொஞ்சம் அகலமாகும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எங்கும் சொல்வதில்லை. அதில் ஒரு சொல்லும் கூட்டத் தேவையில்லை. உடைந்த மூக்கோடு போனவன் மூன்று பேரோடு திரும்பி வந்தான். இரண்டு பேர் உன் கைகளை மிதித்துக்கொள்ள, ஒருவன் இரும்புக் குழாயால் அடித்தான். விலா முறிந்தபோது பச்சைத் தடி முறிகிற சத்தம் கேட்டது. என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, பார் என்றார்கள். கடைசியில் பல்லும் இரத்தமும் வந்த அதே வாயால் நீ "முத்துச்சாமி" என்றாய். அவர்கள் விடவில்லை. பாடம் முழுவதும் பிசகில்லாமல் வரும்வரை அடி விழுந்தது. "மை நேம் இஸ் முத்துச்சாமி. ஐ கேம் ஃபோர் செவின் டேய்ஸ். ஐ சோ மெனி ரெம்பிள்ஸ்." நீ பார்த்த கோயில் அந்த அறையின் பாசி பிடித்த சுவர் மட்டும்தான்.

கனடாவில் இறங்கியதும் அந்தப் பாஸ்போர்ட்டைக் கிழித்து, உன் பெயரில் அகதி மனு கொடுத்தாய். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்குடியிருப்பில் ஒரே அறையில் கிடந்தோம். உன் கையால் அடி வாங்காத பக்டரிப் போர்மன் ரொறொன்ரோவில் இல்லை என்பது கொஞ்சம் கூட்டின கதைதான். ஆனால் ஒருவன் பக்டரியில் உன் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டதற்காக நீ அவனைப் பெட்டிகளுக்கு மேலே எறிந்ததை நான் கண்ணால் கண்டேன். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வாய். பெயரில் கை வைத்தால் பொறுக்கமாட்டாய்.

உன் மனிசி போய்ச் சேர்ந்து, மகளும் கலியாணம் முடித்து மிசிசாகாவுக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியைக் குழைத்துக்கொண்டே அறிவித்தாய்: தாய்லாந்துக்கு ஓய்வு விசா எடுத்து, இனி அங்கேதான் இருக்கப் போகிறாயாம். என் மனிசி அகப்பையைக் கீழே போட்டாள்.

"அண்ணை, உங்களை அடிச்சு நொறுக்கின நாட்டுக்கே போறியள்?"

"அடிச்சது நாடில்லைத் தங்கச்சி. எங்கடை ஆக்கள். அந்த நாட்டை நான் இன்னும் பாக்கவேயில்லை. என்ரை பேரோடை அந்த றோட்டாலை ஒருக்கா நடக்கோணும். பொலிசுக்கு முன்னாலை நடக்கோணும்."

அன்றிலிருந்து உன் விசாதான் எனக்கு உத்தியோகம். ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும்; நாங்கள் அதைத் தாண்டி அடுத்த ஊருக்கே போயிருந்தோம். வங்கியில் காசு கிடக்க வேண்டும், இல்லையென்றால் மாதாமாதம் பென்சன் வர வேண்டும். சுகவீனக் காப்புறுதி, வைத்தியரின் சான்று, பொலிஸ் சான்று. வைத்தியர் தொழுநோய், கசநோய், யானைக்கால் ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டும். எங்கள் தமிழ் டொக்டர் உன் காலை அமத்திப் பார்த்தார். பிறகு விலாவில் கை வைத்தவர், "இதென்ன, ஒரே இடத்திலை இவ்வளவு முறிவு?" என்று கேட்டார். "கோயில் பாக்கப் போனனான் டொக்டர்," என்றாய். பொலிஸ் சான்று கறையில்லாமல் வந்தது. உன்னிடம் அடி வாங்கியவர்கள் ஒருவரும் வெட்கத்தில் பொலிசுக்குப் போகவில்லை போலும்.

அந்த நாளில் நேரில் போய் தாய்லாந்துத் துணைத் தூதரகத்து விசாக் கவுண்டரில் நிற்க வேண்டும். போகுமுன் ஒருதரம் கேள்வி கேட்டுப் பார்ப்போமா என்றேன். "உண்மையைச் சொல்லுறதுக்கு என்னடா பாடமாக்கிறது?" என்று சீறினாய். கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, ராசா மாதிரி நின்றாய். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடதாசிகளைப் புரட்டினாள். நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டு கேட்டாள், முன்பு தாய்லாந்துக்குப் போயிருக்கிறீர்களா என்று.

உன் தலை ஒரு பக்கம் ஒதுங்கியது. ஓங்கிய கைக்கு ஒதுங்குகிற மாதிரி.

"யெஸ் மடம். மை நேம் இஸ் முத்துச்சாமி. ஐ கேம் ஃபோர் செவின் டேய்ஸ். ஐ சோ மெனி ரெம்பிள்ஸ்."

அவள் உன் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். திரும்பப் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. கொஞ்சம் இருங்கள் என்றாள். நீ இருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், ஒரு கொங்கிறீற்றுத் தூணைக் குத்தத் தொடங்கினாய். வலது, இடது, வலது. தோல் கிழிந்து தூணில் இரத்தம் பதிந்தது. "அந்த வாத்தி இன்னும் எனக்குள்ளை நிக்கிறான்ரா," என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னாய்.

பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். முழங்கையால் ஒன்று போட்டாய். எனக்கு நட்சத்திரம் அல்ல, சனிக்கிரகமும் அதன் வளையமும் தெரிந்தன. நானும் விட்டேன் ஒன்று, உன் தாடையில். இரண்டு கிழடுகளும் நடைபாதையின் சேற்றுப் பனியில் உருண்டோம். எங்கள் தமிழ்த் தூஷணத்தைக் கேட்டு ஒரு தமிழ்ப் பெட்டை நின்றுவிட்டாள்.

"அங்கிள், ஸ்ரொப். நான் பொலிசைக் கூப்பிடவா?"

என் கழுத்தை நெரித்தபடியே நீ நிமிர்ந்து சொன்னாய். "வேண்டாம் பிள்ளை. பொலிஸ் சேட்டிபிக்கற் இப்பதான் கிளீனா எடுத்தனான்."

அவள் சிரித்தாள். எனக்கும் நெரிந்த தொண்டைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. என் கைலேஞ்சியை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனாய். கழுத்துப்பட்டி முதுகில் கிடந்தது, கோட்டில் ஒரு கை கிழிந்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, கேட்காமலே உன் முழுப் பெயரைச் சொன்னாய். முன்பு சொன்னது அடித்துப் பழக்கிய பெயர் என்றாய். அந்த அறை, வயர், குழாய் எல்லாவற்றையும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாய். நான் உன் பின்னால் நின்று, விசாவோடு சேர்த்து எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவள் பேனையைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள், "அப்படியென்றால் ஏன் அங்கே திரும்பிப் போகிறீர்கள்?"

"உங்கடை றோட்டிலை என்ரை பேரோடை நடக்க, மடம்."

லேஞ்சியைத் தாண்டி இரத்தம் கவுண்டர்ப் பலகையில் சொட்டியது. அவள் கண்ணாடிக்குக் கீழால் ஒரு கடதாசித் துவாயைத் தள்ளிவிட்டு, "முடிவை அறிவிப்போம்," என்றாள். சில கிழமைகளில் விசா வந்தது.

அங்கே போய் இருக்கிறவர்கள் தொண்ணூறு நாளுக்கொருமுறை குடிவரவு அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும் என்றால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். நீ சேட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு போனாய், மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோல. ஒரு நாள் போன் எடுத்தாய். மூச்சு வாங்கியது. சந்தையடியில் ஒரு பொலிஸ்காரன் மறித்துப் பெயர் கேட்டானாம்.

"சொன்னியோ?"

"சொன்னனான்."

"பிறகு?"

"ஒண்டுமில்லை மச்சான். அடி விழேல்லை." அதற்குப் பிறகு நீ அழுத சத்தம்தான் வந்தது. உன் விலா முறிந்தபோதும் நான் கேட்காத சத்தம்.

போன வருடம் நித்திரையிலேயே போய்விட்டாய். உன்னை யாரும் அடிக்காமல் நீ விழுந்தது அது ஒன்றுதான். மகள் போய் அங்கேயே எரித்துவிட்டு வந்தாள். இறப்புப் பத்திரத்தை எனக்குக் காட்டினாள். உன் பெயர், எழுத்துப் பிசகில்லாமல்.

இப்போது ஸ்காபரோவில் தாய்லாந்து விசா என்றால் என்னைத்தான் தேடி வருகிறார்கள். எல்லாம் அதிகாரமாக விளக்குகிறேன்: காசு, காப்புறுதி, யானைக்கால். நாட்டைவிட்டு வெளியே போகும்போது திரும்பி வர அனுமதி எடுக்காவிட்டால் விசா செத்துப் போகும் என்று வெருட்டுகிறேன். எழும்பும்போது கடைசியாக ஒன்று சொல்லுவேன். "பேர் கேட்டால் உங்கடை பேரைச் சொல்லுங்கோ."

"உதையும் ஒருத்தர் சொல்லித் தரோணுமே அண்ணை?" என்று சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். என் கன்னம் மட்டும், உனக்கு விழுந்த முதல் அடிக்குக் காத்திருப்பதுபோல, சிரிக்காமல் இருக்கிறது.