அதே கயிறு

மார்ச் 8, சனி
எங்கள் பங்குக் கோவிலின் பாஸ்கா நாடகத்தில் இந்தத் தவக்காலமும் நான்தான் பிலாத்து, இயேசுவுக்குத் தீர்ப்பிடும் ஆளுநர். பெரம்பலூர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன் என்பதால் வசனமும் என்னுடையது. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. யாரும் கவனித்துக் கேட்டதுமில்லை.

இயேசுவுக்குப் பதிலாக விடுதலையாகும் குற்றவாளி பரபாவாக அருள் பிரகாஷை நிறுத்தியிருக்கிறார் பங்குச் சாமியார். நவம்பரில் செந்துறை ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியை ஏற்றி என் மனைவியின் காலை முறித்தவன். ‘உனக்கு விடுதலை’ என்று நான் அவனிடம் சொல்ல வேண்டுமாம். சாமியாருக்கு இவ்வளவு நகைச்சுவை இருப்பது தெரியாமல் போயிற்று.

மார்ச் 16, ஞாயிறு
பூசையில் ‘உலகின் பாவங்களைப் போக்குகிறவரே’ என்று எல்லாரோடும் சொன்னேன். உலகம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதில் அருள் பிரகாஷும் அடக்கமா? யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள்?

மார்ச் 27
அரியலூர் கோர்ட்டிலிருந்து சம்மன். ஏப்ரல் 22, சாட்சி சொல்ல. அவன் போன் பேசிக்கொண்டே ஓட்டினான் என்று போலீசில் சொல்லியிருக்கிறேன். அதையே சொன்னால் உள்ளே போய்விடுவான் என்கிறார் அரசு வக்கீல்.

என் மனைவி அமலோற்பவமேரி விடவில்லை. “ஏங்க, நெசமா போனப் பாத்தீங்களா? நான் வுழுந்தப்ப நீங்க லாரிக்கு முதுகக் காட்டிக்கிட்டு பஜ்ஜி வாங்கிட்டுல்ல நின்னீங்க?”

“டிரைவருங்க எல்லாம் பேசிக்கிட்டுதான் ஓட்டுறானுவ!”

“அப்ப எல்லாரையும் கூண்டுல ஏத்துங்க.”

கால் உடைந்தது அவளுக்கு. கோபம் மட்டும் எனக்கு.

மார்ச் 30
பஜ்ஜி நன்றாக நினைவிருக்கிறது. போன்—

ஏப்ரல் 12, சனி
நாடகம். அருள் பிரகாஷின் கைகளை அவனுடைய கிளீனர் தார்ப்பாய் கட்டும் முடிச்சாகக் கட்டிவிட்டான். சேவகர்களால் அவிழ்க்க முடியவில்லை. “பிலாத்து, கத்தி இருக்கா?” என்றது கூட்டம். வேறு வழியில்லாமல் ரோமை ஆளுநரே சிம்மாசனத்திலிருந்து இறங்கினார்.

“அந்த முனைய இழுங்க சார்” என்றான் மெதுவாக. அப்புறம்: “போன் பேசல சார். ஆனா வளைவுல ஹாரன் அடிக்கல. தப்பு என்னுதுதான். மேரி அக்காட்ட அப்பவே வந்து சொல்லிட்டேன். ஒங்ககிட்டதான் பயம்.”

முடிச்சு அவிழ்ந்தது. சேவகர்கள் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, இயேசுவாக நின்ற ஞானமுத்துவைக் கட்டினார்கள். அதே கயிறு. அப்படி எழுதியதும் நான்தான். எழுதும்போது அதை நாடக உத்தி என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி
சிலுவையை முத்தமிடும் வரிசை. முன்னால் மேரி, ஊன்றுகோலோடு. அவளுக்கும் முன்னால் அருள் பிரகாஷ்.

பொய்ச்சாட்சியால் கொல்லப்பட்டவர் என்று வருஷா வருஷம் எழுதுகிறேன். போலீசில் கையெழுத்துப் போட்டது வேற கையா? அவனுக்காகவும் செத்தாரா, அவனுக்காகவுமான்னு நாப்பது நாளா கேட்டுட்டு இருக்கேனே. எனக்காகவான்னு ஒரு தடவையாவது கேட்டேனா?

வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22
கோர்ட். “போனைப் பார்க்கவில்லை. பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்பி நின்றேன். போலீசில் சொன்னது பொய்.” அரசு வக்கீல் என்னைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அருள் பிரகாஷ் தானாகவே சொன்னான்: வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. தீர்ப்பு பிறகு. அவனுக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும், தெரியாது.

சாயங்காலம் கோவிலில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை பாக்கி வைத்த முத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு
அடுத்த வருஷமும் பிலாத்து நீங்கள்தானே என்றார் சாமியார். பரபா வேஷம் கொடுங்கள் என்றேன்.

“அதுக்கு வசனமே கெடையாதே சார்!”

தெரியும். எழுதியவன் நான்தானே.