எலிக்குக் கிடைத்த ஓய்வு

அன்புள்ள அப்பாவுக்கு, லோஜினியின் வணக்கம். சீனி வருத்தம் இப்போது எப்படி இருக்கிறது?

ஜப்பானில் நான் நலம். தூங்கும் நேரத்தில் விழிக்க வைத்தால் உடம்பின் சுரப்பிகள் குழம்பி இரத்தத்தில் சீனி ஏறுகிறதா என்று எலிகளை வைத்துச் சோதிக்கப் பல்கலைக்கழகத்தின் விலங்கு நலக் குழுவிடம் அனுமதி கேட்டிருந்தேன். இடையிடையே ஓய்வு தராவிட்டால் எலிகளுக்கு அது கொடுமை என்று நேற்றுக் குழுக் கூட்டத்தில் சொன்னார்கள். தேயிலை ஃபெக்டரியில் என் அப்பா வருடக்கணக்காக இரவு வேலைதான் செய்கிறார் என்று கத்திவிட்டேன். ஓய்வு நாட்களைச் சேர்த்து அனுமதி தந்தார்கள். எலிகளுக்கு மட்டும் ஓய்வு கிடைத்தது.

"சோத்தக் கொறைங்க" என்று சீனி ஏறியதற்கு உங்களையே குற்றம் சொன்னாரே ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா, அவரிடம் பகல் வேலை கேளுங்கள். தயங்கினால் நானே அவருக்குப் போன் செய்வேன்.

இங்கே சாப்பாட்டில் காரமே இல்லை; அம்மாவிடம் சொல்லிக் கொச்சிக்காய்த் தூள் அனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளித் தொப்பியையும் வையுங்கள். நம் அக்கரப்பத்தனை மலையைவிட இங்கே குளிர். பஸ் வந்துவிட்டது. தூங்குங்கள், அப்பா.

உங்கள் மகள்,
லோஜினி