பிழை ஏறும் சாயங்காலங்கள்

2024 மார்ச் 12, செவ்வாய்

இன்று மூன்று இடங்களும் ஒழுங்காகப் பேசிக்கொண்டன. எங்கள் கல்லூரி, நாகர்கோவில் ஆஸ்பத்திரி, நடுவில் தக்கலை அறை. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களைப் பூட்டி அனுப்ப ஒரு ரகசியச் சாவி வேண்டும். அதை ஒற்றை ஒற்றை ஒளித்துகளாக ஃபைபரில் அனுப்புகிறோம். வழியில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகள் கலைந்து பிழை ஏறும், உடனே தெரிந்துவிடும். கல்லூரியிலிருந்து நாகர்கோவில் வரை நேராக அனுப்ப எங்கள் கருவிக்குத் திராணி இல்லை. அதனால் எங்களோடு ஒரு சாவி, ஆஸ்பத்திரியோடு ஒரு சாவி என்று இரண்டையும் தக்கலை அறை வைத்துக்கொண்டு இணைத்துக் கொடுக்கிறது.

யாரையும் நம்ப வேண்டாம் என்பதுதான் இந்த வித்தையின் பெருமை. ஆனால் நடு அறையில் இருப்பவனை மட்டும் நம்பியே ஆக வேண்டும்! அங்கே இருப்பது அனில்குமார். என்னோடு படித்தவன். அதனால் எனக்குக் கவலை இல்லை.

மார்ச் 18, திங்கள்

சனிக்கிழமையிலிருந்து சாயங்காலமானால் பிழை ஏறுகிறது. ஏறினால் அந்தச் சாவியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காரணம் தெரியாத பிழையை எல்லாம் ஒற்றன் என்றே எண்ணு — வகுப்பில் தொண்டை வற்ற நானே சொல்லிக்கொடுப்பது.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் திட்டம் காலி. என் வேலையும் அனிலின் வேலையும் அதோடு போகும்.

மார்ச் 20, புதன்

நேற்று ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருக்கும்போதே பிழை ஏறுவது போனில் தெரிந்தது. நடு அறைக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

இன்று அனிலிடம் கேட்டேன். "நேத்து சாயங்காலம் எங்கல போயிருந்த?"

"எங்க போவேன் ரெஜி? இங்கதான் இருந்தேன்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. கல்லூரி நாளிலிருந்தே வராது. அதனால்தான் சொன்னது பொய் என்று பிடிபட்டது.

மார்ச் 21, வியாழன்

பொன்னுலிங்கம் சாரிடம் சொல்லிவிட்டேன். துறைத் தலைவர், கேட்டால் மறைக்க முடியுமா? "சந்தேகம் இருந்தா எழுதித் தாங்கம்மா. விசாரிக்கது என் சோலி" என்றார். அனில் பெயரைப் போட்டு மெயில் அனுப்பினேன். விதிப்படிதான் செய்தேன். விதிப்படிதான்.

மத்தியானமே அனிலை அறைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அனில் எனக்குப் போன் செய்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"கருவி எல்லாம் ஓடுது. ஏசியை மட்டும் அணைக்காம பாத்துக்கிடுங்க, மேடம்."

மேடமா? நானா?

மார்ச் 22, வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை. முதல் ஸ்தலம், பிலாத்து தீர்ப்பிடும் இடம். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்ததை அம்மா இழுத்துவிட்ட பிறகுதான் கவனித்தேன்.

வெளியே வந்து போனைப் பார்த்தேன். அனில் இல்லாத அறையிலும் பிழை ஏறியிருக்கிறது. அப்படியானால் ஒற்றன் அவன் இல்லை.

அய்யோ, அவன் இல்லை!

மார்ச் 23, சனி

சாயங்காலம் கம்பத்துக்குக் கம்பம் கேபிளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தக்கலை தாண்டி ஒரு அம்மன் கோவில் தெரு. பங்குனித் திருவிழா, போன சனிக்கிழமைதான் கொடி ஏறியதாம். இருட்டுவதற்குள் கடற்கரையில் இருக்கும் என் ஊருக்குப் பஸ் பிடிக்கிற எனக்கு இது எங்கே தெரியும்?

"யக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மன் வாகனம் வருது, வயரத் தூக்கணும்."

நுனியில் கவை வைத்த நீள மூங்கிலால் இரண்டு பையன்கள் கரண்டு வயர், டிவி கேபிள், எங்கள் ஃபைபர் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக நெம்பி உயர்த்தினார்கள். ஃபைபர் வளைந்தால் துகளின் அதிர்வுத் திசை மாறிவிடும். பிழை ஏறாமல் என்ன செய்யும்? ஒற்றன் இல்லை. அம்மன்தான் போய்க்கொண்டிருந்தாள்.

வாகனத்தின் முன் தண்டில் தோள் கொடுத்து வந்தது அனில். என்னைப் பார்த்தான். தோளில் பாரத்தோடு நிற்கவா முடியும்? போய்விட்டான்.

மார்ச் 25, திங்கள்

சாரிடம் நடந்ததைச் சொல்லி, அனிலைத் திரும்ப வரவழைத்தாயிற்று. அறையில் இருவரும் இருந்தோம். மன்னிப்பு கேட்டேன். கூடவே கோபமும் வந்தது. "நான் கேட்டப்போ ஏன்ல பொய் சொன்ன?"

"வாகனம் தூக்க வீட்டுக்கு ஒரு தோள் குடுக்கணும். அண்ணன் துபாய்ல. சாரு லீவு தரல்ல. மேடத்துகிட்ட சொன்னா மேடமும் சாருகிட்ட பொய் சொல்லணும். அதாக்கும் சொல்லல்ல."



வீட்டுக்கு வந்து யோசிக்கிறேன். சாவி உருவானதும் இரு முனைகளும் அதில் கொஞ்சத்தை வெளிப்படையாகச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கும். சொன்னதைக் கழித்துவிடுவோம். அந்த நஷ்டம் இல்லாமல் மீதியை நம்ப வழியில்லை. நான் அனிலிடம் எதைச் சொன்னேன்? "திட்டம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்றுகூடச் சொல்லவில்லை. எங்கல போன என்று அதட்டினேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, வியாழன்

சென்னைக்காரர்கள் வந்தார்கள். திருவிழா முடிந்துவிட்டதால் பிழை அடங்கியே இருந்தது. அடுத்த கட்டத்துக்கும் அனுமதி. இனி இரு முனையிலிருந்தும் வரும் துகள்கள் தக்கலையில் சந்திக்கும். அவை ஒன்றுபோல் இருந்தனவா வேறா என்று மட்டுமே நடு அறை சொல்லும். சாவி என்னவென்று அதற்கே தெரியாது.

"நல்லதாப் போச்சு மேடம். இனி என்னை நம்பாண்டாம்" என்றான் அனில். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

செப்டம்பர் 9, திங்கள்

புதுக் கருவி ஓடுகிறது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவனும், "வாழ்த்துகள் மேடம்."

2025 ஏப்ரல் 1, செவ்வாய்

நாள் முழுக்க விடைத்தாள். சாயங்காலம் பஸ்ஸில் இருக்கும்போது அனில் போன்.

"ரெஜி, நாளைக்கு கொடியேத்து. பத்து நாளு சாயங்காலம் பிழை ஏறும். சாருகிட்டயும் சொல்லியாச்சு. நான் அறையில இருக்க மாட்டேன், வாகனத்துக்கிட்ட இருப்பேன்."

"சரில" என்றேன். அதற்குமேல் பேசினால் பஸ்ஸில் எல்லோரும் பார்ப்பார்கள்.

இப்போதைய கருவிக்கு அவன் எங்கே இருக்கிறான் என்பது தேவையே இல்லை. அவனை யாரும் நம்பவும் வேண்டாம், அவன் யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

சொன்னான்.